முடிக்கக் கூடாத வேலை

மார்ச் 3, திங்கள்

மைத்துனனுடைய லாரியின் வலது மட்கார்டைக் கழற்றும் வேலை இன்றும் முடியவில்லை. மேலே உள்ள போல்ட்டுகள் வந்துவிட்டன. கீழே, கால்மிதிக்குப் பக்கத்தில் இருக்கும் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வெளியே வருவதில்லை. உள்ளே நட்டைப் பிடித்திருந்த தகரக் கூடு துருவேறித் தளர்ந்துவிட்டது. போல்ட்டைத் திருப்பினால் நட்டும் கூடவே சுற்றுகிறது. கை நுழையாத இடம்.

கழற்றியவற்றை மண்ணெண்ணெயில் கழுவி, எது எந்த இடத்தது என்று சீட்டு எழுதித் தனித்தனி டப்பாவில் போட்டேன். மைத்துனன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான்.

"அத்தான், போல்ட்டுக்கெல்லாம் பேர் வெச்சாச்சா? பள்ளிக்கூடத்துல சேத்துருங்க, அடுத்த வருஷம் நம்மள விட நல்லாப் படிக்கும்."

எடை அளவுச் சோதனைக் கூடத்திலேயே காலத்தைக் கழித்தவனுக்கு வேறு மாதிரி வேலை செய்யத் தெரியாது என்றேன்.

"அது தெரியுமே. அதனாலதான் அக்கா வேலைய உங்ககிட்ட தள்ளிவிட்டிருக்கா" என்று சிரித்தான். தெரிந்துதான் சொல்கிறானா? இல்லை, சும்மா வாய்க்கு வந்ததா?

உண்மையை இங்கேயாவது எழுதிவிடுகிறேன். போன மாதம் மைத்துனன் லாரியைச் சந்தைச் சுவரில் மோதிவிட்டான். பிரேக் பிடிக்கவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறான். பிரேக் நன்றாகத்தான் இருக்கிறது, நானே மிதித்துப் பார்த்தேன். அன்று கதவைத் திறந்து அவனை இறக்கிய காய்கறிக்காரர் என் மனைவியிடம் தனியாகச் சொன்னது வேறு. ஸ்டீயரிங் மேல் தலை கவிழ்ந்து கிடந்தானாம். கூப்பிட்டதற்குப் பேச்சில்லையாம். முன்னால் சுவர் இருந்தது, சரி. ஆள் இருந்திருந்தால்?

இப்படி நினைவு தப்புவது மறுபடியும் வரலாம், சோதனைகள் முடியும்வரை ஸ்டீயரிங்கைத் தொடவே கூடாது என்றார், மனைவி அவனை இழுத்துப் போய்க் காட்டிய டாக்டர். "அவரு லாரி ஓட்டியிருக்காரா, கேளு" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை இவன். வண்டி தயாரான அன்றே ஏறிவிடுவான். அவன் முகத்துக்கு நேரே ஓட்டாதே என்று சொல்லத் துணிந்தவர்கள் எங்கள் வீட்டில் இல்லை.

அதனால்தான் மனைவி என்னிடம் சொன்னாள்: "ஏங்க, வெளி ஆளுகிட்ட விட்டா நாலே நாள்ல முடிச்சு நிறுத்திருவான். நீங்களே பாருங்க. நீங்கன்னா எப்படியும் ஒரு வருஷம் ஆகும்."

இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் என் மெத்தனத்தை அவள் பாராட்டியது இதுவே முதல் தடவை.

மார்ச் 5

மழை. வேலை இல்லை. நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

மார்ச் 8, சனி

தகரக் கூட்டை உளியால் பிளந்து, குறட்டால் நட்டைப் பிடித்துக்கொண்டு, சுற்றிக்கொண்டிருந்ததை எடுத்துவிட்டேன். அடுத்ததன் தலை முறிந்தது. ஸ்பேனரோடு தலை கையில் வந்துவிட்டது, தண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது.

தெருக்கோடி லேத்காரரிடம் டிரில் இரவல் வாங்கி வந்தேன். டிரில்லோடு அவரும் வந்தார், அவரோடு அவர் பேச்சும் வந்தது. முறிந்த தண்டின் நடுவில் பஞ்ச் வைத்து ஒரு குழி அடித்தேன். நடு தவறினால் டிரில் சறுக்கி, துளைக்குள் போல்ட்டைப் பிடிக்கிற திருகுப் பள்ளத்தை, அதாவது மரையை, தின்றுவிடும் என்பதால் மூன்று பக்கமும் அளந்து பார்த்துக்கொண்டேன். "சார், கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பகூட இப்படி அளந்திருக்க மாட்டீங்க" என்றார் அவர். துளையிட்டு, சூடு காட்டி, எதிர்ப்பக்கமாகத் திருகும் கருவியை இறக்கித் திருப்பியதும் முனகிக்கொண்டே வந்தது. முழுதாக வந்தது. உள்மரைக்கு ஒரு கீறல் கிடையாது.

சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது.

சாப்பாட்டின்போது மனைவி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "வந்துருச்சாமே?"

"வந்துருச்சு."

"உங்கள யாரு இவ்வளவு நல்லாப் பண்ணச் சொன்னது?"

என் பாடு இதுதான். மெதுவாகச் செய்ய வருகிறது. மோசமாகச் செய்ய வரவில்லை. மெதுவாகச் செய்தாலும் எந்த வேலையும் ஒருநாள் முடிந்துதானே தீரும்?

மார்ச் 12

நாற்காலிக்கடைக்காரர் வந்தார். மைத்துனனின் பழைய வாடிக்கை. மாதக் கடைசி சனிக்கிழமை மலை மேல் ஒரு விடுதிக்குக் கட்டில், அலமாரி எல்லாம் போக வேண்டுமாம்.

"வண்டி இருக்குமாப்பா?"

"இருக்குமாவா? நான் இருக்கேன்ல, வண்டி இருக்காதா?" என்று தொடையைத் தட்டிச் சொல்லிவிட்டான். மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தாள். நான் டப்பாக்களைப் பார்த்தேன்.

மலைப்பாதை. ஒரு பக்கம் பள்ளம். அங்கே நல்ல வேளையாகக் குறுக்கே நிற்கச் சுவர் ஏது?

மார்ச் 15

மட்கார்டை மாட்டியாகிவிட்டது. நியாயமாகச் சொல்லக்கூடிய எல்லாச் சாக்கும் தீர்ந்துவிட்டது. பாக்கி ஓட்டுநர் பக்கக் கதவு ஒன்றுதான்.

மோதிய வேகத்தில் கதவின் கீல் இழுபட்டு, போல்ட்டுகள் இறங்கும், கதவைத் தாங்கும் தூண் தகட்டில் மரை தேய்ந்துபோயிருந்தது. போல்ட்டை வைத்துத் திருப்பினால் வெண்ணெயில் திருகுவதுபோல் பிடியில்லாமல் போகிறது. துளையைச் சற்றுப் பெரிதாக்கி, புதிய மரை வெட்டி, அதற்குள் கம்பிச் சுருள் ஒன்றைத் திருகி இறக்கினேன். பழைய அளவு போல்ட்டே இனி அந்தச் சுருளைப் பிடித்துக்கொள்ளும். நான்கும் நன்றாக உட்கார்ந்தன.

முடித்ததும், சோதனைக் கூடத்து வழக்கப்படி ஒரு காரியம் செய்தேன். அங்கே சரிபார்த்த எடைக்கல்லுக்கு ஈய முத்திரை வைப்போம், பிறகு யாராவது கை வைத்தால் தெரிந்துவிடும். இங்கே ஒவ்வொரு போல்ட் தலையிலும் தொடங்கி, கீலின் இரும்பு வரைக்கும் மஞ்சள் வண்ணத்தில் ஒரு மெல்லிய கோடு இழுத்தேன். போல்ட் அசைந்தால் கோடு உடையும்.

யார் கை வைக்கப் போகிறார்கள்? பழக்கம், வேறென்ன.

மார்ச் 16

கீல் போல்ட்டுகளில் இரண்டு வழுக்குகின்றன. புரியவில்லை.

மார்ச் 17, திங்கள்

நேற்று முழுக்க யோசித்தேன். டிரில் அளவு தவறா? அளந்துதான் எடுத்தேன். அளந்தேனா? அளந்ததாகத்தான் நினைவு. சுருளை முழுக்க இறக்காமல் விட்டேனா? தகடு அவ்வளவு மெலிந்துவிட்டதா?

நடக்க வேண்டும் என்று நாங்கள் விரும்பியதுதான் நடந்திருக்கிறது. வேலை கெட்டுவிட்டது, நாள் தள்ளிப்போகிறது. அப்படியிருந்தும் ராத்திரி தூக்கம் இல்லை. நான் சரிபார்த்து அனுப்பிய எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. என்னிடம் சொல்லிக்கொள்ள இருப்பது அது ஒன்றுதான்.

மனைவி மட்டும் மலர்ந்த முகமாக இருக்கிறாள். "இப்பத்தான் நீங்க என் பேச்சக் கேக்குறீங்க" என்கிறாள். நான் ஒன்றும் செய்யவில்லை என்றேன். அவள் கண்ணடித்தாள்.

மார்ச் 19

மறுபடி எல்லாம். இன்னும் பருமனான சுருள். லேத்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே செய்தேன், சாட்சிக்கு. "இனி இத யானை இழுத்தாலும் வராது சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். புதிதாகக் கோடும் போட்டாயிற்று.

மைத்துனன் கதவை ஆட்டிப் பார்த்தான். "ம்... நிக்குது. அப்ப கடைசி சனிக்கிழமை கிளம்பிர வேண்டியதுதான்." பிறகு ஏனோ நாற்காலிக்குத் திரும்பாமல் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். பகலில் படுக்கிற ஆள் இல்லை.

மார்ச் 20

மறுபடியும் மூன்று போல்ட் வழுக்குகின்றன.

"அத்தான், நீங்க தொட்டா இரும்புக்கே அழுகை வருது" என்றான்.

எனக்குப் பயமாக இருக்கிறது. லாரியைப் பற்றி அல்ல — என்னைப் பற்றி. செய்ததாக நினைக்கிறதைச் செய்யாமல் விடுகிறேனா? இப்படித்தான் ஆரம்பிக்குமாமே சிலருக்கு. அவனுக்கு நினைவு தப்புகிறது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு?

அதே நாள், மாலை

பயத்தில் ஒரு விஷயத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

நான்காவது போல்ட் இன்னும் பிடியில்தான் இருக்கிறது. ஆனால் அதன் கோடு உடைந்திருக்கிறது. தலையில் இருக்கும் பாதி, கீலில் இருக்கும் பாதியை விட்டு நன்றாக நகர்ந்திருக்கிறது. கடிகார முள் போகும் பக்கம். அதாவது இறுகும் பக்கம்.

தானாகத் தளர்ந்தால் எதிர்ப்பக்கம்தானே போக வேண்டும்? எந்தப் போல்ட்டும் தன்னைத் தானே இறுக்கிக்கொள்வதில்லை.

பெரிய ஸ்பேனரின் பிடியிலும் புதுக் கீறல்கள். யாரோ அதன்மேல் குழாய் சொருகி, நீளத்தைக் கூட்டி, மரை போகும்வரை முறுக்கியிருக்கிறார்கள்.

மார்ச் 21

சமையலறையில் வைத்து மனைவியிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"நான் குழாய் மாட்டி முறுக்கினேனா? எனக்கு ஊறுகாய் ஜாடியே திறக்க வர்றதில்ல, நீங்கதான் திறந்து தர்றீங்க!"

"இல்லம்மா, நீதானே முடிக்காதீங்கன்னு..."

"மெதுவாப் பண்ணுங்கன்னு சொன்னேன். உங்க வேலையக் கெடுக்கிறவளா நான்?" பிறகு சந்தேகமாகப் பார்த்தாள். "நீங்களே பண்ணிட்டு என்னைய ஆழம் பாக்குறீங்களா?"

ஆக, எனக்கு அவள் மேல் சந்தேகம், அவளுக்கு என் மேல் சந்தேகம். நாள் முழுக்கப் பேச்சு இல்லை.

வீட்டில் இருப்பது மூன்றே பேர் என்பது இதை எழுதும்போதுதான் தோன்றுகிறது. ஆனால் அவன் ஏன் செய்வான்? கிளம்பத் துடிக்கிறவன் அவன்தானே?

மார்ச் 22, சனி

புதிதாகச் சுருள் இறக்கிப் போல்ட்டுகளை மறுபடி மாட்டிவிட்டு, மதியம் லேத் பட்டறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. உடனே திரும்பினேன்.

கேட்டுக்கு வெளியிலிருந்தே பார்த்துவிட்டேன். லாரியின் கதவருகில் மைத்துனன். என் ஸ்பேனரில் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைச் சொருகி, உடம்பின் பாரம் முழுவதையும் அதில் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தான். முகமெல்லாம் வேர்வை. உள்ளே மரை போகும்போது ஒரு சின்னச் சத்தம் வரும், எனக்கு இப்போது அது நன்றாகத் தெரியும். வந்தது. விரலால் போல்ட்டைச் சுற்றிப் பார்த்தான். சுற்றியது. நீளமாக மூச்சு விட்டான், பாரத்தை இறக்கி வைத்தவன்போல்.

பிறகு ஓட்டுநர் இருக்கையில் பக்கவாட்டில் உட்கார்ந்தான். கால்கள் இரண்டும் வெளியேதான் இருந்தன. ஸ்டீயரிங் பக்கம் கை போனது. போய், தொடாமல் திரும்பி மடியில் விழுந்தது.

அவனுக்குப் பயம்.

எல்லாரையும் அதட்டிப் பேசுகிற, டாக்டரையே கேலி செய்கிற இவனுக்கு, என்னைப்போலவே பயம். நான் சத்தமில்லாமல் பின்வாங்கி, தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கேட்டுக்கு முன்னாலிருந்தே இருமிக்கொண்டு வந்தேன். அதற்குள் நாற்காலியில் இருந்தான்.

"என்ன அத்தான், அதுக்குள்ள வந்துட்டீங்க? ஆமைக்கு இன்னைக்கு அவசரமா?"

ஸ்பேனரை டப்பாவில் தலைகீழாக வைத்திருந்தான்.

மார்ச் 23

மனைவியிடம் சொல்லிவிடலாமா? சொன்னால் அழுதுகொண்டே போய் அவன் கையைப் பிடித்துக்கொள்வாள். "ஏண்டா தம்பி, எங்கிட்ட சொல்லக் கூடாதா?" என்பாள். அவனால் அதைத் தாங்க முடியாது. பயமில்லை என்று காட்டுவதற்காகவே அன்றைக்கே சாவியை எடுத்துக்கொண்டு கிளம்புவான். அது நிச்சயம்.

நான் பயந்தவன் என்பது ஊருக்கே தெரியும். அதை மறைக்க வேண்டிய கஷ்டம் எனக்கு இருந்ததே இல்லை. என்னிடம் யாரும் தைரியத்தை எதிர்பார்க்கவில்லை. அவனுக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை.

இன்னும் ஆறு நாள். அவன் எத்தனை தடவை மரையைக் கெடுப்பான், நான் எத்தனை தடவை சரிசெய்வேன்? வெள்ளிக்கிழமை கதவு நின்றுவிட்டால், சனிக்கிழமை ஏறித்தான் ஆக வேண்டும் அவன். ஏறுவான்.

யாராவது ஒருவர் தோற்க வேண்டும். அது அவனாக இருக்க முடியாது.

மார்ச் 25, செவ்வாய்

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் நாற்காலிக்கடைக்காரர் வந்தார். டிரில்லைத் திரும்ப வாங்க லேத்காரரும் வந்திருந்தார். மனைவி வாசற்படியில். "சனிக்கிழமை விடியக்காலம் லோடு ஏத்திரலாமா?" என்று கேட்டார் கடைக்காரர்.

"ஏத்தலாம், ஏத்தலாம். எங்க அத்தான் கதவ மாட்டிக் குடுத்துட்டா நான் ரெடி" என்றான் மைத்துனன். தேவைக்கு மேல் சத்தம். உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மாட்ட முடியாது, மாப்பிள்ளை" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள். ஒத்திகை பார்த்த வாக்கியம் மறந்துபோயிற்று. வந்ததைச் சொன்னேன்.

"நான்தான் கெடுத்துட்டேன். ஓட்டையப் பெருசாக்கிட்டே போயி தூண் தகடே போயிருச்சு. எனக்குத் தெரியாத வேலை. தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிட்டேன். இந்தக் கதவு இனி நிக்காது. கதவு நிக்காத வண்டிய மலைக்குக் கொண்டு போகக் கூடாது."

மைத்துனன் என்னையே பார்த்தான். அந்தப் பார்வையை என்னால் படிக்க முடியவில்லை.

"அட, இதுக்கா சார் இவ்வளவு?" என்றார் லேத்காரர். "தகட வெட்டி எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு வெல்டு வெச்சா சாயங்காலமே..."

எனக்கு உயிரே போய்விட்டது. எல்லாவற்றையும் யோசித்தேன், இந்த மனிதரை யோசிக்கவில்லை!

"நிறுத்துய்யா!" மைத்துனன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "இவரு கொதறினது போதாதுன்னு நீ வேற வந்து கொதறணுமா? ஒரு கீறல் விழாம வெச்சிருந்த வண்டிய்யா இது! படிச்ச மனுஷன், பக்குவமாச் செய்வாருன்னு குடுத்தேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும். டப்பா டப்பாவா அடுக்கி வெச்சாரே, அதுலதான் மயங்கிட்டேன். இனி இந்த வண்டிய எவன் ஓட்டுவான்? நான் ஓட்ட மாட்டேன். வித்துத் தொலைக்கப் போறேன். அண்ணாச்சி, நீங்க வேற லாரி பாத்துக்குங்க. கேட்டா, என் அக்கா வீட்டுக்காரர் கெடுத்துட்டாருன்னு சொல்லுங்க!"

கடைக்காரர் போகும்போது என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே போனார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நடிப்பில்லை, நிஜமாகவே கூசியது.

மதியம் மனைவி கேட்டாள். "ஏங்க, நிஜமாவே கெடுத்துட்டீங்களா?"

"ஆமா."

என் தட்டில் இன்னும் ஒரு கரண்டி போட்டாள்.

ஏப்ரல் 2, புதன்

லாரியை நாற்றுப் பண்ணை நடத்துகிற அம்மா வாங்கிக்கொண்டார். அவரே ஓட்டுவாராம். இன்னொருவர் உயிர், அந்தக் கதவோடு எப்படி அனுப்புவது? லேத் பட்டறைக்கு இழுத்துப் போய்த் தகட்டை மாற்றிப் புதிதாக மரை வெட்டினோம். மைத்துனன் அந்தப் பக்கம் வந்துவிடுவானோ என்று நான் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வெட்டி எடுத்த தகட்டை லேத்காரர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சார், இது ஓட்டை போட்டுக் கெடுத்த மாதிரி இல்லையே. யாரோ முறுக்கிக் கெடுத்த மாதிரி இருக்கு."

"நான்தான் முறுக்கினேன். கழண்டுருமோன்னு பயத்துல."

"அதானே பாத்தேன். பயந்தவங்கதான் சார் ஓவரா முறுக்குவாங்க" என்று சொல்லிவிட்டுத் தகட்டைப் பழைய இரும்புக் குவியலில் வீசினார்.

வண்டி போனபோது மைத்துனன் வெளியே வரவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நான் உள்ளே போனதும் திரும்பாமலே கேட்டான்.

"கதவு ஒழுங்காச் சாத்துதா?"

"நல்லாச் சாத்துது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது புரிந்தது. சரிசெய்யவே முடியாது என்று ஊரைக் கூட்டிச் சொன்ன கதவு அல்லவா? எப்படிச் சாத்தும் என்று கேட்பான் என்று காத்து நின்றேன்.

"ம்" என்றான். போர்வையை இழுத்துக்கொண்டான்.

ஏப்ரல் 9

டாக்டரிடம் போய் வந்தோம். நேற்று அவனே கேட்டான், அக்காவிடம் அல்ல, என்னிடம். "சும்மா போய்ப் பாத்துட்டு வரலாமா அத்தான்? உங்களுக்கும் பொழுது போகும்." சோதனைகள் எடுத்திருக்கிறார்கள். முடிவு அடுத்த வாரம். இதை எழுதும்போதும் அந்த முடிவைப் பற்றிய கவலைதான்.

பஸ்ஸில் அவனுக்கு ஜன்னலோரம். முன் சீட்டுக்காரரிடம் ஏறியதிலிருந்து பேச்சு.

"நானும் டிரைவர்தான் சார். சொந்த லாரி. எங்க போச்சுன்னு கேளுங்க. இதோ உக்காந்திருக்காரே, எங்க அக்கா வீட்டுக்காரர், இவரு ரிப்பேர் பண்றேன்னு பண்ணி..."

முன் சீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன்.

"படிச்சவர் சார். ஆனா கைல வேலை சுத்தம்" என்று முடித்தான். பஸ் சிரித்தது.

பாலத்து வளைவில் எதிரே ஒரு வண்டி திடீரென்று வந்துவிட்டது. பக்கத்தில் பார்த்தேன். மைத்துனனின் வலது கால் பஸ்ஸின் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது, பிரேக் அங்கேதான் இருக்கிறது என்பதுபோல். பஸ் நிதானமாக ஒதுங்கி வளைந்து போயிற்று. அவன் கால் மெதுவாகத் தளர்ந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டான்.

கொஞ்ச தூரம் போன பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"நல்லாத்தான் ஓட்டுறான்."

இன்னொருவன் ஓட்டுவதை அவன் நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆமாம் என்றேன். இறங்கும் இடம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.